அண்ணி அளந்த காலிக் குப்பி

எங்கள் அண்ணிக்குச் சம்பளம் கொடுப்பது பாலைக் கருக்குவதற்காக. மற்ற வீடுகளில் அடுப்பில் பால் கொஞ்சம் பொங்கி வழிந்தாலே வசவு விழும். அண்ணி பாலை அடியோடு சுண்டவைத்து, கரியாக்கி, அந்தக் கரியையும் எரித்து வெள்ளைச் சாம்பலாக்கி வைப்பாள். மாதம் பிறந்ததும் சம்பளம் வந்துவிடும். அதனால்தான் நான் அவளுக்குச் 'சாம்பல்' என்று பெயர் வைத்தேன். ஒரு நாத்தனார் செய்யவேண்டிய கடமைகளில் பட்டப்பெயர் வைப்பதும் ஒன்று. நான் அதில் குறை வைத்ததில்லை.

அவள் வேலை செய்யும் லேப் ஊர் எல்லையில், பஸ் திரும்புகிற இடத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு வகைப் பால் வரும். ஒன்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும் தாய்ப்பால். பெற்றவளிடம் பால் ஊறாத குழந்தைகளுக்காக மற்ற தாய்மார் கொடுத்தது. இன்னொன்று டின்னில் அடைத்த குழந்தைப் பால் பவுடர். டின்னின் மேல் இவ்வளவு கால்சியம், இவ்வளவு இரும்பு, இவ்வளவு துத்தநாகம், அதாவது ஜிங்க், என்று அச்சடித்திருக்கும். டின் சொல்வது நிஜமா என்று பார்க்க வேண்டியது அண்ணி. கொஞ்சம் எடுத்து, சின்னப் பீங்கான் கிண்ணத்தில் நிறுத்து, உலையில் வைத்து எரித்து, மிஞ்சும் சாம்பலை ஆசிட்டில் கரைத்து, ஒரு மெஷினுக்குக் கொடுப்பாள். மெஷின் அதை உறிஞ்சித் தீயில் தெளிக்கும். எந்தெந்த உலோகம் எவ்வளவு என்று அந்தத் தீயின் வெளிச்சத்தை வைத்துச் சொல்லிவிடும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற உலகத்தில், வெளுத்ததை எரித்துப் பார்த்துவிட்டுத்தான் பால் என்று சொல்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

நாங்கள் தலைமுடியை நம்பிப் பிழைக்கிற குடும்பம். கீழே கடை, மேலே வீடு. கடையில் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணனின் சலூன், இந்தப் பக்கம் என் பார்லர். தடுப்பு உச்சிவரை போகாததால் அங்கே பேசுவது இங்கே கேட்கும், இங்கே பேசுவது அங்கே கேட்கும். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணி என்னிடம் முடிவெட்ட வந்தவள்தான். வெட்டி முடித்துக் கழுத்தில் பவுடர் போடப் பிரஷ்ஷை எடுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பவுடர் வேண்டாம், அதில் துத்தநாகம் இருக்கலாம், லேப்பில் போய் உதிர்ந்தால் தன் பிழைப்புக் கெட்டுவிடும் என்றாள். இத்தனை வருஷத்தில் என் பவுடரை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் சிரித்துவிட்டான்.

அப்போது அவன் யாருக்கோ வெட்டிக்கொண்டிருந்தான். முடியில் கத்திரியை வைப்பதற்கு முன்னால் காற்றில் நாலு தடவை 'சக் சக்' என்று வெட்டுவது அவன் பழக்கம். அண்ணி அதைக் கேட்டுவிட்டுத் தடுப்பைப் பார்த்தே, எதற்காக வெறும் காற்றை வெட்டுகிறீர்கள் என்று கேட்டாள். கை தானாகச் செய்கிறது, காரணம் தெரியாது என்று தடுப்பு பதில் சொன்னது. அதற்கு அவள் சொன்னதை அண்ணன் இன்றுவரை ஒரு எழுத்து மாறாமல் ஒப்பிப்பான்.

"கத்திரி சரியா இருக்கான்னு உங்க கை பார்த்துக்குது. எங்க வேலையிலயும் அப்படித்தான். முதல்ல காலியத்தான் அளப்போம்."

அடுத்த மாதம் அவளுக்கு முடி வளரவே இல்லை, ஆனாலும் வெட்ட வந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

இந்தக் 'காலி' சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன், இதுதான் கதைக்கே அச்சாணி. ஒவ்வொரு தடவை பாலை எரிக்கும்போதும் ஒரு கிண்ணத்தில் எதுவும் போடாமல், அதையும் வரிசையில் சேர்த்து அனுப்புவார்கள். அதே உலை, அதே ஆசிட், அதே மெஷின், பால் மட்டும் கிடையாது. அந்தக் காலிக் கிண்ணத்தில் துத்தநாகம் தெரிந்தால் அது பாலுடையது அல்ல. அளக்கிறவரின் கையுடையது, தண்ணீருடையது, அறைத் தூசுடையது. காலி சுத்தமாக இருந்தால்தான் மற்ற கிண்ணங்கள் சொல்வதை நம்பலாம். அண்ணி இதை லேப்போடு விட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். குழம்பில் உப்பு அதிகம் என்று சொன்னேனென்றால், முதலில் வெறும் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ருசித்துப் பார் என்பாள். தெருக்காரி என்னை முறைத்தாள் என்று புலம்பினால், அவள் சும்மா இருக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தாயா என்பாள். ஆத்திரத்தில் நான் தட்டை நகர்த்திவைத்த நாட்கள் உண்டு. அவள் கேட்டது நியாயமாக இருந்த நாட்களில் ஆத்திரம் இன்னும் கூடுதலாக வந்தது.

பிறகு முதலாளி பிறந்தார். அண்ணன் மகள்தான், ஆனால் பிறந்த நாளிலிருந்து வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம், அவர் தூங்கினால்தான் மற்றவருக்கு விடுமுறை என்பதால் முதலாளி என்ற பெயர் நிலைத்துவிட்டது. தலை நிறைய முடியோடு வந்து சேர்ந்தார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வருவதற்கு முன்பே உள்ளங்கை அளவில் ஒரு கத்திரியும், கழுத்தில் கட்டுகிற சின்னத் துணியும் வாங்கிக் கடைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருந்தான். மகளின் முதல் முடிவெட்டு தன் கையால்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவைத்தான்.

அண்ணி லீவில் இருந்தாள். தாய்ப்பால்தான் கொடுத்தாள். அதைப் பற்றி அவளிடம் கொடி பிடிக்கிற பேச்செல்லாம் கிடையாது. இரண்டையும் எரித்துப் பார்த்தவள் அவள். பவுடர் எந்தக் கரண்டியை எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும், தாய்ப்பால் மாதத்துக்கு மாதம் மாறும், துத்தநாகம் ஆரம்பத்தில் நிறைய இருந்து போகப்போக இறங்கும், இரண்டுமே சோறுதான் என்பாள். ஆனால் ஜன்னலோர நாற்காலியில் முதலாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். மாறிக்கொண்டே இருக்கிற அந்தச் சோற்றைத் தான் ஊட்டுவதில் அவளுக்கு அவ்வளவு பிரியம்.

நாலு மாதம் தாண்டியதும் முதலாளியின் வாயைச் சுற்றிச் சிவந்தது. பிறகு உட்காரும் இடத்தில், பிறகு விரல் இடுக்கில். சிவந்தது புண்ணாகித் தோல் உரிந்தது. எடை ஏறவில்லை. சிடுசிடுப்பு. பகலெல்லாம் மெலிந்த குரலில் அழுகை. இத்தனைக்கும் நடுவில் தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர ஆரம்பித்தது. சலூன்காரன் பிள்ளைக்குத் தலையில் முடியில்லை என்று ஒரு வாடிக்கையாளர் ஹாஸ்யமாகச் சொன்னார். அண்ணன் அவருக்கு வெட்டி அனுப்பினான். அந்த ஆளின் கிருதாவில் ஒன்று ஏற்றம், ஒன்று இறக்கம். நான் பார்த்தேன், அண்ணனிடம் சொல்லவில்லை.

குழந்தை டாக்டர் நல்ல அம்மாள், பொறுமையாகப் பார்ப்பவர். புண்ணுக்கு ஒரு வெள்ளைக் களிம்பு எழுதிக் கொடுத்தார். களிம்பு பூசும் வேலையை அண்ணன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கீழே ஒரு தலைக்கும் இன்னொரு தலைக்கும் நடுவில் மாடிக்கு ஓடிவருவான். தோளில் துண்டு இருக்கும். துண்டில்லாமல் அவனை அவன் கல்யாணப் படத்தில் மட்டும்தான் பார்க்கலாம். பூசுவான், துண்டில் கையைத் துடைப்பான், முதலாளியிடம் ஒரு சலாம் வைத்துவிட்டு இறங்குவான். களிம்பு பூசின இடம் கொஞ்சம் அடங்கும், பக்கத்து இடம் கிளம்பும்.

வாய், உட்காரும் இடம், விரல், முடி என்று சேர்த்துப் பார்த்ததும் துத்தநாகக் குறைவாக இருக்குமோ என்று டாக்டருக்கும் தோன்றியது, அண்ணிக்கும் தோன்றியது. இரத்தப் பரிசோதனை வெளியூர் போய்த் திரும்ப நாளாகும். அதற்குள் தாய்ப்பாலை உங்கள் லேப்பிலேயே பார்த்துவிட முடியுமா என்று டாக்டர் கேட்டார். லேப்பில் அண்ணியோடு வேலை பார்க்கிறவர், தடிமனான பாதுகாப்புக் கண்ணாடியைத் தூக்கத்தில்கூடக் கழற்றாததால் நாங்கள் கண்ணாடிக்காரர் என்று சொல்கிறவர், அன்றைக்கே ஆசிட்டில் ஊறவைத்து அலசின குப்பி ஒன்றை ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுத்தார். பைக்குள் பை, அதற்குள் குப்பி. உள்ளே யாரும் விரல் வைக்கக் கூடாது என்று அண்ணி எங்களுக்குப் பாடம் எடுத்தாள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். முதலாளி அழுததால் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சமாதானம் செய்துகொண்டே, குப்பியைப் பிரித்துக் கொடுங்கள் என்றாள். அண்ணன் பிரித்துக் கொடுத்தான். பால் லேப்புக்குப் போயிற்று.

மறுநாள் பதில் வந்தது. துத்தநாகம் தாராளம். குறைவென்ற பேச்சுக்கே இடமில்லை.

அண்ணன் சலூனில் வந்தவருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான். தன் பெண்டாட்டியின் பாலில் உலோகக் கடையே இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தான். டாக்டரிடம் போனபோதுதான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. துத்தநாகக் குறைவு இல்லை என்றால் காரணம் வேறு. தாயின் பாலில் இருக்கிற ஏதோ ஒன்று குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றுகிறது, அடுத்த வாரத்திலிருந்து தாய்ப்பாலை நிறுத்திவிட்டு வேறு பவுடர் ஆரம்பிப்போம் என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. எண்ணைப் பார்த்து முடிவு சொன்னார். எண் அப்படி இருந்தது.

அண்ணி வழியெல்லாம் முதலாளியின் விரல் இடுக்கை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து முதலாளிக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாள், உடனே எழுந்துவிட்டாள். மறுபடி உட்கார்ந்தாள். நான் கிண்டல் செய்ய ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன், கிடைக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எத்தனை அம்மாக்களோட பால எரிச்சிருப்பேன். ஒரு நாளாவது, இந்த நம்பருக்காக ஒருத்தி வீட்ல காத்துட்டிருப்பான்னு நெனச்சுப் பார்த்திருக்கேனா? இப்ப என் பாலே என் புள்ளையப் புண்ணாக்குதுங்கறாங்க. நான் குடுத்து குடுத்துத்தான் இவ இப்படி ஆயிட்டாளா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுதால் அசிங்கமாக இருக்கும் என்பதால் எழுந்து போய்த் துணி மடித்தேன்.

அவள் மனசு ஆறாவிட்டாலும் மூளை வேலை செய்துகொண்டிருந்தது. சாயந்திரம் கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டாள். லேப் காலி எப்படி என்று கேட்டாள். பளிங்கு மாதிரி சுத்தம் என்றார் அவர். அண்ணி போனை வைத்துவிட்டு விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். பிறகு என்னிடம் கணக்கைச் சொன்னாள். வந்திருக்கும் எண் பிள்ளை பெற்ற முதல் வாரத்துப் பாலுக்கு உரியது. இத்தனை மாதம் கழித்து இறங்கியிருக்க வேண்டும், இறங்கவே இல்லை. லேப்பில் அழுக்கில்லை. அப்படியானால் லேப்புக்குப் போவதற்கு முன்னாலேயே ஏதோ ஏறியிருக்க வேண்டும். இதே வீட்டில்.

ஆனால் அடுத்த நிமிஷமே அவளுக்குச் சந்தேகம் வந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. தன் ஆசைக்குத் தான் காரணம் தேடுகிறோமோ என்று பயந்தாள். அதில் ஒரு வேடிக்கை இருந்தது. பால் உயர்ந்தது என்றால் நிறுத்த வேண்டும். பாலில் சத்துக் குறைவு என்றால் குறைந்ததைச் சொட்டு மருந்தாகக் கொடுத்துவிட்டுப் பாலைத் தொடரலாம். ஆக, தன் பால் மட்டமானதாக இருக்க வேண்டுமே என்று ஏங்கிய தாய் உலகத்திலேயே எங்கள் அண்ணி ஒருத்தியாகத்தான் இருக்கும். சாமி கும்பிட்டால்கூட என்னவென்று கேட்பது?

"வீட்டுக்கு ஒரு காலி எடுக்கணும்," என்றாள்.

கண்ணாடிக்காரர் இந்தத் தடவை ஒன்றுக்கு மேல் குப்பிகளும், லேப்பின் சுத்தத் தண்ணீர் ஒரு பாட்டிலும் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு அண்ணனும் நானும் மாடியில் ஆஜரானோம். போன தடவை யார் யார் என்னென்ன செய்தோமோ அதையே செய்ய வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று அண்ணி சொன்னாள். நாடக ஒத்திகை மாதிரி இருந்தது. அன்றைக்கு நீலச் சட்டை போட்டிருந்தேனே, அதையும் போடவா என்று அண்ணன் கேட்டான். போடுங்கள் என்றாள். அது அழுக்குக் கூடையில் கிடந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். நான் அன்றைக்கு என்ன செய்தேன் என்று கேட்டேன். வாசலில் நின்று எல்லாரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தாய் என்றாள். அதையே செய்தேன், பெரிய கஷ்டமில்லை.

அண்ணி முன்பு போலவே முதலாளியோடு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஒரே ஒரு வித்தியாசம். எங்கள் வீட்டில் பார்த்த இடமெல்லாம் கண்ணாடி. கடையில் மாற்றின பழைய கண்ணாடிகள் மாடிக்குத்தான் வரும். அதில் ஒன்றை ஜன்னலோரம் சாய்த்துவைத்திருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாலும் அறை முழுக்க அவள் கண்ணில் இருந்தது.

அண்ணன் முதலாளிக்குக் களிம்பு பூசினான். தோள் துண்டில் கையைத் துடைத்தான். பிறகு போய்க் கையை நன்றாகக் கழுவினான்; அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஈரக் கையை அதே துண்டில் துடைத்தான். பையைப் பிரித்தான். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அலசின குப்பி, உள்ளே இரண்டொரு நீர்த்துளி ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத்தோடு எந்தச் சாமானையும் அடுத்தவர் கையில் கொடுக்காதவன் அவன். கத்தியானாலும் கத்திரியானாலும் துடைக்காமல் வைத்தால் துருப்பிடிக்கும் என்பது அவனுக்கு வேதம். விரலை உள்ளே விடக் கூடாது என்று அண்ணி சொல்லியிருந்தாள் அல்லவா? விடவில்லை. துண்டின் நுனியைத் திரி போலத் திரித்து, குப்பிக்குள் விட்டு, அவ்வளவு பதவிசாக, ஒரு சுழற்று, இன்னொரு சுழற்று. ஊதிப் பார்த்தான். திருப்திப்பட்டான்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். கண்ணாடியில் அண்ணியின் கண் என்னைப் பார்த்தது. விரலை உதட்டில் வைத்தாள். அப்படியே மூடிக்கொண்டேன், என் வாய் சொல் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவன் கொடுத்த குப்பியை வாங்கி, நன்றி சொல்லி, லேப் தண்ணீரை மட்டும் அதில் ஊற்றி மூடினாள். அவன் கீழே போனபிறகு, அவன் கை படாத இன்னொரு குப்பியைத் தானே பிரித்து, ஈரத்தோடேயே அதில் பாலை எடுத்தாள்.

அப்போதே சொல்லித் தடுத்திருக்கலாமே என்று கேட்டேன். பார்த்தது வேறு, அளந்தது வேறு. துண்டுதான் காரணம் என்று தனக்குப் பிடித்ததால் மட்டும் அது காரணமாகிவிடாது என்றாள். சாம்பல் என்று நான் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தமென்று அப்போது நினைத்தேன். உள்ளே நெருப்பு இருந்தது, வெளியே தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் கண்ணாடிக்காரர் போன் செய்தார். மூன்று பேரும் கேட்கும்படி அண்ணி ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்:

"ஏம்மா, இந்தத் தண்ணிய எந்த மாட்டுல கறந்தீங்க? போன தடவ பால்ல இருந்தத விட இதுல ஜிங்க் அதிகமா இருக்கு. இந்தத் தடவ அனுப்பின பாலுல நான் தேட வேண்டியிருந்துது. இருக்கா இல்லையான்னே தெரியாத அளவுதான். லேப் காலி சுத்தம். ரெண்டு தடவ பார்த்துட்டேன்."

அண்ணி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அழுகையானது, அழுகை மறுபடி சிரிப்பானது. அண்ணன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். உன் பாலில் சத்தில்லை என்கிறார்கள், அதற்கு இப்படிச் சிரிக்கிறாயே என்றான். நான் பொறுக்க முடியாமல் அவன் தோளிலிருந்து துண்டை உருவி மேஜை மேல் போட்டேன். களிம்புக் குழாயை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். குழாயின் மேல் கொட்டை எழுத்தில் துத்தநாகம் என்று இருந்தது. குழந்தைக்குக் குறைந்த சத்துத்தான் அந்தக் களிம்பே. உள்ளே இல்லாததால் வந்த புண்ணுக்கு வெளியே பூச, அது துண்டில் ஏறி, துண்டிலிருந்து குப்பிக்குள் போய், எல்லாம் நிறைவு என்று பொய்ச்சாட்சி சொல்லியிருந்தது.

அண்ணன் துண்டையும் குழாயையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். கீழே இறங்கிப் போய், வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கண்ணாடிக்கு எதிரே, அந்தச் சின்னக் கத்திரிக்குப் பக்கத்தில். அண்ணி முதலாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல முடியாது, அது என் கடை.

நான்தானே இவளைக் கெடுக்கப் பார்த்தேன் என்று அவன் சொன்னான்.

"துண்டு தப்பு பண்ணிச்சு, ஒத்துக்கறேன்," என்றாள் அண்ணி. "பவுடருக்கு மாறியிருந்தாலும் இவளுக்குப் புண் ஆறியிருக்குங்க. அதுலயும் ஜிங்க் இருக்கே. ஆனா ஆறினதப் பார்த்துட்டு, என் பால்தான் விஷம்னு நான் சாகறவரைக்கும் நம்பியிருப்பேன். அதுலேர்ந்து தப்பிச்சிருக்கேன். தொடைக்கத் தெரியாத ஆளக் கட்டியிருந்தா இத்தனை நாளும் யாரு களிம்பு பூசியிருப்பா? வாங்க, டாக்டரப் பார்க்கணும்."

டாக்டர் விவரத்தைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு, தன் அவசரத்துக்காக அண்ணியிடம் வருத்தம் சொன்னார். சில தாய்மாருக்கு உடம்பில் துத்தநாகம் இருந்தாலும் பாலுக்குள் போகிற வழி பிறவியிலேயே அடைத்திருக்குமாம். என்ன சாப்பிட்டாலும் திறக்காது, அது யாருடைய தப்பும் இல்லை, குழந்தைக்கு நேராகக் கொடுத்துவிட்டால் போதும் என்றார். பிறகு வந்த இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. சொட்டு மருந்து ஆரம்பித்தோம். அந்த வாரமே வாய் ஓரம் வெளுத்தது, விரல் இடுக்கு காய்ந்தது. ஒரு நாள் காலையில் வீடே அமைதியாக இருக்க, பதறிப்போய் ஓடிப் பார்த்தால் முதலாளி விழித்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் தன் காலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார். ஜன்னலோர நாற்காலி அண்ணிக்குத் திரும்பக் கிடைத்தது. சொட்டு மருந்து ஒரு வாய், பால் ஒரு வயிறு.

அண்ணன்தான் தேறவில்லை. தோளில் துண்டு போடுவதை விட்டுவிட்டான். கை ஈரமானால் காற்றில் உதறுவான், வாடிக்கையாளர் முகத்தில் தெறிக்கும். முதலாளியைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து அண்ணியிடம் காட்டுவான், பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற பிள்ளை போல. போதும் இந்த நாடகம் என்று நான் கத்திப் பார்த்தேன், பலனில்லை.

முடி மெதுவாகத்தான் வந்தது. முதலில் பூனை முடி. பிறகு கறுத்தது, அடர்ந்தது, காதை மூடியது. கடைசியில் கண்ணில் விழுந்து, முதலாளி ஆளைப் பார்க்க மூஞ்சியை மேலே தூக்க வேண்டிய நிலைமை வந்தது. அன்றைக்குக் கடையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அண்ணி முன்னால் பிடித்துக்கொண்டாள். நான் சின்னத் துணியைக் கழுத்தில் கட்டினேன். அண்ணன் உள்ளங்கைக் கத்திரியை எடுத்தான். காற்றில் 'சக் சக்' என்றான். மறுபடி 'சக் சக்'. முடியருகே கொண்டுபோனான், பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மறுபடி காற்றை வெட்டினான். கத்திரிச் சத்தம் கேட்டு முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். எங்கள் அண்ணன் நாள் பூராவும் காற்றையே வெட்டிக்கொண்டிருப்பான் போலிருந்தது.

அண்ணி தன் தோளில் மடித்துப் போட்டிருந்த துண்டை எடுத்தாள். பழைய துண்டுதான், அவள் கையால் துவைத்தது. அவன் தோளில் போட்டாள்.

"காலி சுத்தமா இருக்குங்க," என்றாள். "வெட்டுங்க."